வாத்தியாருக்கு வாத்தியார் யார்?

சிலம்பத்தின் வயதென்ன என்று கேட்டால் ஐயாயிரம் ஆண்டு என்று உடனே விடை வரும். கம்பு சுற்றுபவரிடம் அவருடைய வாத்தியார் யார், அவ்வாத்தியாருக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்டால் மூன்றாவது பெயரிலேயே பேச்சு நின்றுவிடும். மதுரையைச் சுற்றிய ஊர்களில் இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே கேட்டு வருகிறேன். முதல் விடையிலுள்ள உறுதியும் இரண்டாவதில் உள்ள தடுமாற்றமும் சேர்ந்தே என்னை உறுத்துகின்றன.

சங்க நூல்களில் சான்றே இல்லை என்பதல்ல. ஓண நாளன்று இந்நகரின் மறவர்கள் சேரிகளில் ஒருவரோடொருவர் பொருததை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வென்றதைப் புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் பாடுகிறார். ஆனால் முன்னது தெருச்சண்டை, பின்னது மல். அகப்பாடல்களில் வரும் 'சிலம்பன்' மலைநிலத் தலைவன். கம்பு சுற்றுபவன் அல்லன். சொல்லின் ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு ஒரு கலைக்குப் பரம்பரை கட்டுவது தமிழ் படித்தவர்கள் செய்யத்தக்கதன்று. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்திற்குப் பிறகு போதிதருமர் வேறு இக்கதையில் உறுதியாக அமர்ந்துவிட்டார். ஷாவோலின் பயிற்சியை அவரோடு இணைக்கும் 'யிஜின் ஜிங்' 17ஆம் நூற்றாண்டு நூல் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஜப்பானின் கத்தோரி ஷிந்தோ-ரியூ என்ற வாட்பள்ளி 15ஆம் நூற்றாண்டில் ஈசாசா இயெனாவோ என்பவரால் தோன்றியது. அங்கும் தொன்மம் உண்டு: கத்தோரிக் கோயிலில் ஆயிரம் நாள் நோன்பிருந்தவருக்குத் தெய்வமே சுவடியளித்ததாம். ஆனால் அத்தொன்மத்தின் கீழே ஒரு பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. இருபது தலைமுறையாக அதே குடும்பம் தலைமை வகிக்கிறது. சேரும் மாணவர் இரத்தம் தொட்டு உறுதிமொழி எழுதுகிறார். தேறியவருக்குப் பாடங்கள் எழுதிய சுருள் கிடைக்கிறது. 1960இல் சிபா மாகாணம் அப்பள்ளியைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

நம்மிடம் இது இல்லாமற் போனதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கு நீட்டிக்கப்பட்டது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. ஊரே காவல்துறையின் ரேகைப் பதிவேட்டில் இருக்கும்போது, அடிவரிசை கற்றோர் பட்டியலில் எவர் தம் பெயரை எழுதி வைப்பார்? இது என் ஊகம்தான். ஆனால் புறந்தள்ளக்கூடிய ஊகமன்று.

விளைவு விசித்திரமானது. நம் போர்க்கலையில் எழுத்தில் நிலைத்துவிட்ட அரிய ஆசான்–மாணவர் உறவு ஒன்றைப் பதிந்தவர் ஓர் ஆங்கிலேயர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்பித்தவர் சின்ன மருது என்று ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். 1801 போரில் அந்த மாணவர் எதிர்ப்படையில் நின்றார். ஆசான் அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்.

எழுத்து இல்லாத இடத்தில் சொற்கள் சாட்சியாகின்றன. ஆட்டம் தொடங்கும் வணக்க அடவைப் பல கூடங்களில் இன்றும் 'சலாம் வரிசை' என்கிறார்கள். வாத்தியார், ஆசான் என்பவற்றோடு 'உஸ்தாத்' என்ற விளியும் வழங்குகிறது. ஐயாயிரம் ஆண்டுக் கதையில் இச்சொற்களுக்கு இடமில்லை. ஒரு தெருவின் முஸ்லிம் உஸ்தாதிடமிருந்து அடுத்த தெருவின் இந்துப் பிள்ளைக்குப் போன கம்புக்கும் அதில் இடமில்லை. எனக்கோ இதுவே அந்த ஐயாயிரத்தைவிடப் பெருமையாகத் தோன்றுகிறது.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது. நல்லது, கம்பு பிடிக்கும் பெண் பிள்ளைகள் பெருகியிருப்பது இன்னும் நல்லது. ஆயினும் என் மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் சான்றிதழ்களில் சங்கத்தின் பெயரும் எடைப்பிரிவும் இருக்கின்றனவே தவிர, கற்பித்தவருக்குக் கற்பித்தவர் இல்லை. புள்ளிக்கணக்குக்கு உதவாத சுவடுகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

நம் கல்லூரித் தமிழ்த்துறைகள் இதை முதுகலை ஆய்வேடாகக் கொடுக்கலாம். உங்கள் வாத்தியார் யார், எந்த ஊர், அவரிடமிருந்து வந்த அடிவரிசை எது என்று கேட்டால் போதும். எழுபது வயதைக் கடந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.