கை ஓய்ந்தாலும் கண் ஓயலாகாது

மோட்டார் வண்டிகள் அருகியிருந்த காலத்தில் புத்தளம் வீதியிலே இரவுப் பிரயாணம் என்றால் அது பெரும்பாலும் மாட்டு வண்டிப் பிரயாணந்தான். உப்பும் கொப்பராவும் ஏற்றிய வண்டியின் அடியிலே அரிக்கன் லாந்தர் தொங்கி ஆடும். வண்டிக்காரன் சாக்கு மூட்டையிற் சாய்ந்து உறங்கிவிடுவான். மாடுகளோ வழி தப்பாமல் நடந்துகொண்டிருக்கும். வழியில் ஒரு கன்று படுத்திருந்தால் அவை தாமாகவே நின்றுவிடும்; வண்டி ஏன் நின்றது என்று வண்டிக்காரன் அப்போதுதான் விழித்துப் பார்ப்பான். ஆகவே, கயிற்றைக் கையிற் பிடியாமலே வண்டி செலுத்தும் வித்தை நமக்கு முற்றிலும் புதியதன்று.

அந்த வித்தையை இன்று மோட்டார் காருக்கும் கற்பித்திருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர், "நெடுஞ்சாலையில் ஏறினால் நான் ஸ்டியரிங்கைத் தொடுவதேயில்லை" என்று சொல்லும்போது, வீட்டுப் பிள்ளைகள் வியந்து கேட்கிறார்கள். இது மெய்யா, மிகையா? மெய்யாயின், முந்தலை ஊடறுத்துச் செல்லும் நம் வீதிக்கு அது உதவுமா? இவ்விரு வினாக்களுக்கும் இவ்வாரம் விடை காண முயல்வோம்.

இதன் வரலாறு கண்பார்வையற்ற ஒருவரிடமிருந்து தொடங்குகிறது என்பது ஆச்சரியமான உண்மை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர் என்னும் பொறியியலாளர் ஐந்து வயதிலே பார்வையை இழந்தவர். பிறர் கார் ஓட்ட, அருகில் அமர்ந்தே அவர் பிரயாணஞ் செய்தார். வேகம் கூடிக் குறைந்து வண்டி குலுங்குவதைக் காண்பவரைவிடக் காணாத அவரே கூர்மையாக உணர்ந்தார். வேகத்தை ஒரே சீராக நிறுத்தும் ஒரு கருவியை ஆக்கி, 1950ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டுக்குரிய க்றைஸ்லர் கார்களில் அது முதன்முதலாக இடம்பெற்றது. ஆனால் அக்கருவி காத்தது வேகத்தை மாத்திரமே. வளைவில் திருப்புவதும், முன்னே தடை கண்டால் நிறுத்துவதும் சாரதியின் பொறுப்பாகவே இருந்தன.

கையையே எடுத்துவிடலாம் என்ற நிலை 2017இல் வந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பனி தனது கடிலாக் காரொன்றில் 'சூப்பர் குரூஸ்' என்னும் ஏற்பாட்டை வெளியிட்டது. 2019இல் ஜப்பானில் நிசான் கம்பனியும், 2021இல் வட அமெரிக்காவில் ஃபோர்ட் கம்பனியும் தத்தம் ஏற்பாடுகளைக் கொண்டுவந்தன. ஃபோர்டின் 'புளூ குரூஸ்' என்பதற்கு 2023 ஏப்ரலில் பிரித்தானியாவின் மோட்டார் நெடுஞ்சாலைகளிலும் அனுமதி கிடைத்தது.

இவை இயங்கும் விதத்தை மாணவ நேயர்கள் அறிந்துகொள்ளல் நன்று. முன் கண்ணாடியின் பின்னே உள்ள கமரா, வீதியில் வரையப்பட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராடார் கருவி முன்னே செல்லும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும். இவற்றோடு, நெடுஞ்சாலைகளை முன்கூட்டியே நுணுக்கமாக அளந்து தயாரித்த வரைபடமும் காரினுள் உண்டு. சூப்பர் குரூஸ் வந்த தொடக்கத்தில், அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 1,30,000 மைல் நீளமான நெடுஞ்சாலைகள் இவ்வாறு அளக்கப்பட்டிருந்தன. போவதற்கு ஒரு பாதை, வருவதற்கு ஒரு பாதை எனப் பிரிக்கப்பட்டு, குறுக்குத் தெருக்கள் இல்லாத சாலைகளே அவை. தொடக்கத்தில் அங்கு மாத்திரமே கையை எடுக்க யந்திரம் சம்மதித்தது.

இவை எல்லாவற்றினும் முக்கியமான கமரா வேறொன்று. அது வீதியைப் பார்ப்பதில்லை. சாரதியின் முகத்தைப் பார்க்கிறது. அவர் கண்கள் வீதியை விட்டு விலகினால், ஸ்டியரிங் வளையத்திலுள்ள பச்சை விளக்கு மினுக்கி எச்சரிக்கும். அப்போதும் அவர் திரும்பாவிட்டால் அது சிவப்பாகும். அதற்கும் பயனில்லையெனில் வண்டி வேகம் குறைந்து தானே நின்றுவிடும். ஆகவே இந்த யந்திரம் ஓய்வு கொடுப்பது கைக்கேயன்றிக் கண்ணுக்கன்று. கண்ணுக்கும் ஓய்வு தரும் கார்களும் இல்லாமலில்லை. 2021இல் ஜப்பானில் ஹொண்டா கம்பனியும், 2022இல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் கம்பனியும் அத்தகையவற்றை வெளியிட்டன. எனினும் அவை தொடங்கியது நெடுஞ்சாலை நெரிசலில், வண்டிகள் ஊர்ந்து செல்லும் வேளைக்காகவே.

நிற்க. இவ்வண்டிகளை ஓட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள்? நூற்றுக்கணக்கான மைல் தூரம் ஓட்டிய பின்னும் தோளும் மணிக்கட்டும் நோவதில்லை என்பதே பெரும்பாலோர் முதலிற் கூறுவது. மனமும் இலேசாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அதே வாயால் குறையும் சொல்கிறார்கள். வீதி திருத்தும் இடம் வந்தாலோ, கோடுகள் மங்கினாலோ, கூரிய வளைவு எதிர்ப்பட்டாலோ, யந்திரம் திடீரென வண்டியைச் சாரதியிடமே ஒப்படைத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி. உடல் ஆசனத்தில் இருக்கிறது, மனம் எங்கே?

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2022இல் இத்தகைய கார்களை ஓட்டும் சுமார் 600 பேரிடம் விசாரித்தது. சூப்பர் குரூஸ் உபயோகிப்போரில் 53 வீதத்தினர், தங்கள் காரைத் தானே ஓடும் கார் போலக் கருதி நடத்துவதில் தமக்குக் கூச்சமில்லை என்றனர். டெஸ்லாவின் 'ஓட்டோபைலட்' உபயோகிப்போரில் 42 வீதத்தினர் அவ்வாறே கூறினர். இவர்கள் அறிவிலிகள் அல்லர். கையேட்டில் 'கவனமாயிரு' என்று அச்சிட்டிருப்பதை அவர்களும் வாசித்தவர்களே. நாள்தோறும் பிழையின்றி ஓடும் யந்திரம் மெல்ல மெல்ல அவர்களுடைய விழிப்பைத் திருடிவிடுகிறது.

இது மனிதனின் ஒழுக்கக் குறைவு அன்று, மனத்தின் இயல்பு. இதனை 1948இலேயே கேம்பிரிட்ஜில் நோர்மன் மக்வேர்த் என்னும் உளவியலாளர் பரிசோதித்துக் காட்டினார். உலக யுத்த காலத்தில் ராடார் திரையைப் பார்த்திருந்தவர்கள் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலின் அடையாளத்தைத் தவறவிட்டது ஏன் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அவ்வாராய்ச்சி. ஒரே சீராகத் துள்ளி நகரும் கடிகார முள்ளொன்றை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்படி சிலரை அவர் இருத்தினார். எப்போதாவது ஒருமுறை முள் இரட்டைத் துள்ளலாகத் துள்ளும். அதனைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரத்திலேயே அவர்கள் கண்டுபிடிக்கும் திறன் தெளிவாகச் சரிந்தது. வேலை செய்துகொண்டிருப்பவன் விழித்திருப்பான். ஒன்றும் நிகழாததைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி பணிக்கப்பட்டவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான்.

இதன் விலை என்னவென்பதை 2024ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு பெப்ரவரியில் டெக்சாஸின் சான் அன்ரோனியோவிலும், மார்ச்சில் பிலடெல்பியாவிலும், புளூ குரூஸ் இயங்கிக்கொண்டிருந்த கார்கள் இரவு வேளையில் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்த வாகனங்கள்மீது மோதின. இரு விபத்துக்களிலும் மூவர் உயிரிழந்தனர். அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் அவ்வாண்டு ஏப்ரலில் விசாரணையை ஆரம்பித்தது.

நிற்கும் வண்டி யந்திரத்துக்குத் தெரியாமற்போவது எப்படி என்று நேயர்கள் வியக்கலாம். பாலம், பெயர்ப்பலகை, ஓரத் தூண் முதலிய அசையாப் பொருள்கள் யாவும் ராடார் அலையைத் திருப்பி அனுப்பும். அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகரவே நகராது. ஆதலின் வேகமாகச் செல்லும்போது அசையாதனவற்றின் அடையாளங்களிற் பலவற்றைப் புறக்கணிக்குமாறு இத்தகைய கருவிகள் அமைக்கப்படுவதுண்டு. அவ்வாறு புறக்கணிக்கப்படுவனவற்றுள் ஒன்று, விளக்கணைந்து நிற்கும் ஒரு காராகவும் இருந்துவிடலாம். படுத்திருக்கும் கன்றைக் கண்டு நின்ற மாட்டுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அதற்குத் தன் உயிரும் வெல்லம்.

இதனால் யந்திர உதவி அனைத்தும் தீது என்று முடிவு கட்டுதல் நியாயமாகாது. ஆபத்து நெருங்குகையில் தானே பிரேக் பிடிக்கும் கருவி, முன்செல்லும் வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துக்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருக்கிறது என்று மேற்சொன்ன காப்புறுதி நிறுவனமே கண்டிருக்கிறது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது. மனிதன் ஓட்டுகிறான், அவன் தவறும் கணத்தில் யந்திரம் காக்கிறது என்றால், அது நல்ல துணை. யந்திரம் ஓட்டுகிறது, அது தவறும் கணத்தில் மனிதன் காக்க வேண்டும் என்றால், அவனால் இயலாத ஒன்றை அவனிடம் கேட்கிறோம்.

இனி நம் வீதிக்கு வருவோம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஜப்பானிலிருந்து வரும் கார்களில் வீதிக் கோட்டைக் காத்துச் செல்லும் உதவி இப்போது சாதாரணம். ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை ஸ்டியரிங்கில் கை இருக்க வேண்டும் என்றே எதிர்பார்ப்பவை. கை எடுக்கத்தக்க கார் ஒன்று வந்தாலும், அது நம்பியிருப்பது தன் நாட்டு நெடுஞ்சாலைகளின் வரைபடத்தை. அந்த வரைபடத்தில் முந்தல் இல்லை.

நமது நாட்டில் இத்தகைய யந்திரத்துக்கு ஓரளவேனும் ஒத்த சாலைகள் 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையும், 2013இல் திறந்த கட்டுநாயக்கப் பாதையும், அவை போன்ற சிலவுமே. பேலியகொடையில் ஆரம்பித்துச் சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் சேரும் ஏ 3 வீதி அவ்வகையைச் சேர்ந்ததன்று. எதிரெதிர் வண்டிகளுக்கு இடையே இங்கு இருப்பது ஒரு வெள்ளைக் கோடு மாத்திரமே. சீமெந்து லொறி ஒருபுறம், மீன் ஏற்றிய வான் ஒருபுறம், இடையிலே விளக்கில்லாத சைக்கிள். சூடாறாத தாரின்மேல் இரவிலே மாடுகள் படுத்திருக்கும். புத்தளத்தை அண்மினால் கழுதைகளும் கூட்டமாக நிற்கும். திருவிழாக் காலத்தில் உடப்புக்கும் முன்னேஸ்வரத்துக்கும் நடந்து செல்லும் அடியார் வேறு. யந்திரம் புறக்கணிக்கக் கூடியவை எவையோ அவையே நம் வீதியின் அன்றாடக் காட்சிகள்.

ஆயினும், யந்திரம் தீர்க்க முயன்ற குறை நம்மிடமும் உண்டு. அதன் பெயர் களைப்பு. யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார்ப் பகுதிகளிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குச் செல்லும் வான்களிற் பல, புத்தளம் வழியாக இரவோடிரவாக முந்தலைக் கடக்கின்றன. வெளிநாடு செல்லும் பிள்ளையை வழியனுப்ப வந்த குடும்பம் உள்ளே உறங்குகிறது. பகலிலும் வேறு வாடகை ஓடிவிட்டு வந்த சாரதி மாத்திரம் தனியே விழித்திருக்கிறார். பயணப் பெட்டியை இறக்கிவிட்டுக் கண்ணீர் துடைத்தவுடன், "விடியுமுன் வீடு போய்ச் சேரவேண்டும்" என்று அவரையே மீண்டும் துரத்துகிறோம். கூலி பேசும்போது எண்ணெய்க் கணக்குப் பார்க்கும் நாம், அவருடைய நித்திரைக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதற்கு வேண்டியது கமராவும் ராடாருமன்று. வண்டி பேசும் முன், "தம்பி, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தனீர்?" என்று கேட்கலாம். தூரப் பயணமாயின் மாற்றிப் பிடிக்க இன்னொரு சாரதிக்குப் பணம் ஒதுக்கலாம். குடும்பத்தில் ஒருவர் முன் ஆசனத்தில் விழித்திருந்து அவருடன் பேசிக்கொண்டு வரலாம். விமானம் ஏறியபின் அவரை இரண்டு மூன்று மணி நேரம் படுத்தெழும்ப விடலாம். தேநீர் சற்று நேரம் கண்ணைத் திறந்து வைக்கும். நித்திரைக்கு மருந்து நித்திரை ஒன்றே.

மாணவ நேயர்களுள் நாளைய பொறியியலாளர்கள் இருக்கிறீர்கள். மனிதன் சோர்வான் என்பதை முதலிலேயே கணக்கிற் கொண்டு யந்திரம் சமையுங்கள். அவன் சோரவே மாட்டான் என்று நம்பிச் சமைக்கும் யந்திரம், எத்துணைத் திறமையுடையதாயினும், பாதி யந்திரமே. இல்லறத்தார் செய்யவேண்டியது அதனினும் எளிது. அடுத்த முறை வான் வாசலில் வந்து நிற்கும்போது, பெட்டிகளை ஏற்றுமுன் சாரதியின் கண்களை ஒருமுறை பாருங்கள். அவை சிவந்திருந்தால் பயணம் ஒரு மணி நேரம் பிந்தட்டும்.