‘திருநெல்வேலில எந்தப் பக்கம்?’

பொறியியல் முடித்துவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளிடம் முதல் வாரமே கேட்கப்படும் கேள்வி, “சொந்த ஊர் எது?” திருநெல்வேலி என்றதும் அடுத்தது வரும்: “திருநெல்வேலில எந்தப் பக்கம்?” தாமிரபரணிக் கரையில் ஊரும் தெருவும் தெரிந்தால் போதும், சாதி தெரிந்துவிடும். கேட்டவர் மேனேஜர் என்றால், அந்தப் பதில் அப்ரைசல் வரை கூடவே வரும்.

அதன்பிறகு நடப்பதற்கெல்லாம் ‘ஆபீஸ் பாலிடிக்ஸ்’ என்று பெயர். நல்ல ப்ராஜெக்ட் கைமாறும். மீட்டிங்குக்கு அழைப்பு வராது. ரேட்டிங் குறையும், காரணம் கேட்டால், “டீமோடு ஒத்துப்போவதில்லை” என்பார்கள். மோசமான நிர்வாகம் எல்லோரையும்தானே பாதிக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாதிக்கிறதுதான். ஆனால், எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் மேலாளரின் விருப்பம்தான் விதி. அந்த விருப்பத்துக்குச் சாதி உண்டு.

சிஸ்கோ வழக்கை நினைவுபடுத்துகிறேன். 2020 ஜூனில் கலிஃபோர்னியா அரசு அந்நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், எச்.ஆரிடம் முறையிட்டபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்றார்கள், அவருடைய பொறுப்புகள் குறைக்கப்பட்டன என்பது அரசின் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023இல் மேலாளர்கள் மீதான வழக்கை அரசு திரும்பப் பெற்றது; நிறுவனத்தின் மீதான வழக்கைக் கைவிடவில்லை.

அந்த எச்.ஆரைவிட நம்மூர் எச்.ஆர். மேலா? பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சாதிக்கு அப்படி எதுவும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதற்குக் காவல் நிலையப் படியேற வேண்டும், வேலையையும் பணயம் வைக்க வேண்டும். நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தில் எஸ்.சி./எஸ்.டி. பிரிவு உண்டு. அதன் லட்சணம் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மனு கொடுக்க ஒரு மேசையாவது இருக்கிறது.

மேலே போய் முறையிடலாம் என்றால், மேலே இருப்பது யார்? இந்தியாவின் 1000 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று, இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர் என்றது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான்.

2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றையாவது கண்ணால் பார்க்கலாம். கயிறு கட்டிப் படித்தவர்களும் அதே பொறியியல் பட்டத்தோடு அதே அலுவலகங்களுக்குத்தான் போகிறார்கள். அங்கே அவர்கள் கையில் ஐடி கார்டுதான் இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை: வெளி உறுப்பினருடன், பட்டியல் சாதியினரும் இடம்பெறும் விசாரணைக் குழு ஒவ்வொரு நிறுவனத்திலும் சட்டப்படி அமைய வேண்டும். குறைந்த ரேட்டிங்குக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும். எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தொழில் பூங்காவுக்கு நிலம் தரும் அரசு, இவற்றையும் நிபந்தனையாக வைக்கலாம். கங்கைகொண்டானிலிருந்தே தொடங்கலாம்.