கருவி காட்டுவோர் கடன்

நல்ல கருவியொன்றை ஆக்கிவிட்டால் உலகம் தானே அதனைத் தேடிவரும் என்றெண்ணுவது பேதைமை. கணினிக்கு நிரல் எழுதுவோரிடையே இவ்வுண்மை நாடோறும் புலனாகின்றது. ஒரு பெயரை நாற்பது இடங்களில் மாற்ற வேண்டிய நிரலர், நாற்பதையும் கையாலேயே திருத்திக்கொண்டிருப்பார். அவற்றை ஒரே கட்டளையில் மாற்றித் தரும் கருவியோ, அவர் எழுதும் மென்பொருளுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும். இருப்பதை அறியாதவர் எதனைத் தேடுவார்? ஆகவே கருவியை எடுத்துக்காட்டும் இடைமுகம் இன்றியமையாதது. ஆயினும், காட்டும் முறை தவறின் நன்மையும் தொல்லையாகிவிடும்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் 'ஆபிசு 97' மென்பொருளில் 'கிளிப்பி' என்னும் தாள்கவ்வி உருவினைப் புகுத்தியது. ஒருவர் மடல் எழுதத் தொடங்கியதுமே அது குறுக்கே தோன்றி, உதவட்டுமா என வினவும். நூறு மடல் எழுதித் தேர்ந்தவரிடமும் அதே வினாவே! மக்கள் வெறுத்தனர். 2001-இல் வந்த பதிப்பில், அழைத்தாலன்றித் தோன்றாதவாறு அஃது அடக்கப்பட்டது. 2007-ஆம் பதிப்பில் அறவே நீக்கப்பட்டது.

நிரலர் உலகிலும் இதற்குச் சான்றுண்டு. சாவா நிரல்களில் பிழை காணும் 'எர்ரர் புரோன்' என்னும் கருவியை, வடகரோலினா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆக்கிய தானியங்கி ஒன்று, கிட்ஃகப் தளத்தில் நிரல் திட்டங்களுக்குப் பரிந்துரைத்தது. 2019-இல் வெளியான அவ்வாய்வின்படி, 52 பரிந்துரைகளுள் ஏற்கப்பட்டவை இரண்டே! பயனுள்ள கருவிதான், ஆனால் குழுவின் வழக்கமும் வேலைப்போக்கும் அறியாது, முன்பின் அறியாதான் கதவைத் தட்டி விற்பது போன்று அது நீட்டப்பட்டது.

அதே கிட்ஃகப் 2018-இல் கொணர்ந்த திருத்தப் பரிந்துரை முறையை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. உடன்பணியாளர் நிரல்வரியின் அருகிலேயே மாற்றுவரியைக் காட்டுவார். எழுதியவர் விரும்பின் ஒரே சொடுக்கில் ஏற்பார், விரும்பாவிடின் விடுப்பார். இங்கே சொல்பவர் அறிந்தவர். சொல்லுமிடம் வேலை நடக்குமிடம். முடிவோ எழுதியவர் கையில்.

வள்ளுவர் சொல்வன்மையோடு நில்லாமல் அவையறிதலையும் தனியே வகுத்தது இதனாலன்றோ? கேட்பவர் நிலையறியாத அறிவுரை, எத்துணைச் சிறந்ததாயினும் வீணே.

இன்று செயற்கை அறிவு நிரல்வரிகளையே முன்மொழிகின்றது. ஆகலின், பரிந்துரைக்கும் இடைமுகத்தை வடிப்போரின் கடன் முன்னினும் பெரிதாயிற்று. ஏன் பரிந்துரைக்கின்றது என்பதை அது சொல்லுதல் வேண்டும்; மறுப்பதற்கு எளிய வழி வைத்தல் வேண்டும்; ஒருமுறை மறுத்ததை மீண்டும் மீண்டும் நீட்டாதிருத்தல் வேண்டும். கருவி, கைக்குத் துணையேயன்றித் தலைமையன்று. மென்பொருள் வடிக்கும் இளைஞர் இதனை நெஞ்சிற் கொள்க!