நட்பைக் காணாத திறனாய்வு

சல்மாவின் முதல் நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘இசுலாமியப் பெண்களின் வாழ்வியல் ஆவணம்’ என்ற முத்திரையைக் கல்விப்புலம் இன்னும் அதன்மேல் குத்திக்கொண்டிருக்கிறது. பாராட்டுப்போல ஒலிக்கும் இச்சொல் படைப்பாளியைத் தகவலாளியாகத் தாழ்த்துகிறது. ஆண் எழுதும் ஊர் நாவலாகிறது. பெண் எழுதும் வீடு ஆவணமாகிறது.

அந்நாவலுக்குத் தனித்தலைவி இல்லை. ராபியா, மதினா என்னும் சிறுமியரின் தோழமை தொடங்கி, மூத்த பெண்களின் இரவுப்பேச்சு வரை, கதை ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்குக் கைமாறியே நகர்கிறது. நட்பே அதன் கட்டமைப்பு. அதைத் தவிர்த்துத் துயரப் பட்டியல் தயாரிப்பது ஆய்வாகாது.

படைப்புக்கு வெளியிலும் இதுவே உண்மை. சல்மாவின் கவிதைகளை வீட்டாரறியாமல் வெளியே சேர்ப்பித்தவர் அவருடைய தாய். நாவலை 2009இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றவர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம். அம்பையையும் பாமாவையும் மொழிபெயர்த்தவரும் அவரே. இக்கூட்டுழைப்புக்கு இலக்கிய வரலாற்றில் அடிக்குறிப்பளவே இடம்.

சிற்றூரிலும் மூணாறிலும் தமிழ் பயிலும் மாணவியர்க்கு இது தொலைவுச் செய்தியன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கி, ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டு, 20 விழுக்காடு போனசு கோரி நிர்வாகத்தைப் பணியவைத்தனர். அதனைத் திடீர்க் கொந்தளிப்பு என்றோர், கொழுந்து கிள்ளும் நிரையிலும் லயங்களிலும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த தோழமையைக் காணத் தவறினர். திறனாய்வின் பிழையும் அதுவே.

அம்மலைகளிலிருந்து ஒருத்தியின் முதல் நாவல் வரும்போதும் ‘ஆவணம்’ என்றே எழுதப்போகிறார்களா?