கிருமி எல்லாம் எதிரியா?

  

கிருமி என்று சொன்னாலே நாம் முகம் சுளிக்கிறோம். சோப்பு விளம்பரத்தில் பச்சை நிறத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு வருமே, அதுதான் நமக்குத் தெரிந்த கிருமி. அதனால்தான் லேசாகச் சளி பிடித்தால்கூட மருந்துக்கடைக்கு ஓடி, "அண்ணே, ஆன்டிபயாட்டிக் ரெண்டு குடுங்க" என்று வாங்கி முழுங்குகிறோம். இந்தப் பழக்கத்தை நாம் விட்டே ஆகணும் என்பதுதான் என் கருத்து. ஏன்னு சொல்கிறேன்.

நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். நம்முடைய சொந்த செல்களே 30 லட்சம் கோடிதான்! இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை உடைப்பது இவைதான். இவை பக்கவாதத்திலும் தலையிடுகின்றன என்றால் நம்புவீர்களா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள்!

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ வருவது பக்கவாதம். ஆட்டுக்கறி, ஈரல், முட்டை மஞ்சள்கரு போன்றவற்றில் உள்ள சில சத்துகளைக் குடல் பாக்டீரியாக்கள் ஒரு வாயுவாக மாற்றுகின்றன. கெட்டுப்போன மீனில் அடிக்குமே ஒரு வாடை, அந்த வாயுதான். கல்லீரல் அதை 'டிஎம்ஏஓ' என்ற பொருளாக்கி ரத்தத்தில் விடுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் இதயப் பரிசோதனைக்கு வந்த 4007 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2013ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் இந்தப் பொருள் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ வரும் ஆபத்து, குறைவாக இருந்தவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு! ரத்தம் சீக்கிரம் உறைய இது தூண்டுகிறது என்று 2016ல் கண்டுபிடித்தார்கள். அதுக்காக சத்துணவு முட்டையை யாரும் ஒதுக்கிவிடாதீர்கள். வளர்கிற வயதில் அது நமக்கு வேண்டும்.

இன்னொரு செய்தி. 2016ல் நியூயார்க்கில் எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை மாற்றினார்கள். பிறகு பக்கவாதம் வரவைத்தபோது மூளையின் சேதம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. குடலில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போய் வீக்கத்தைக் கூட்டுமாம். அது இந்த எலிகளில் குறைந்துவிட்டது.

"அப்போ ஆன்டிபயாட்டிக் நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அவசரப்படாதீர்கள்! அதே 2016ல் ஜெர்மனியின் பெர்லினில் பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்துக் கொடுத்து எலிகளின் குடலையே துடைத்தெடுத்தார்கள். மூன்று நாள் முன்பு மருந்தை நிறுத்திவிட்டுப் பக்கவாதம் வரவைத்தபோது, குடல் புண்ணாகி நிறைய எலிகள் செத்துப்போயின. மனிதர்களிடம் என்ன ஆனது? நெதர்லாந்தில் 2500க்கும் அதிகமான பக்கவாத நோயாளிகளிடம், முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்கள் கூடுதலாகத் தேறவில்லை என்று 2015ல் அறிவித்தார்கள்.

வயலில் பூச்சிமருந்து அடித்தால் பயிரைத் தின்னும் புழு மட்டுமா சாகிறது? புழுவைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்துதான் சாகிறது. நம் குடலும் ஒரு வயல்தான். எதைக் கொல்கிறோம் என்றே தெரியாமல் நாமாகவே மருந்து அடிக்கலாமா? அதிலும் சளி வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் செய்யாது!

ஆகவே நான் சொல்ல விரும்புவது:

1. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். எழுதிக் கொடுத்தால் அவர் சொன்னபடி சாப்பிடணும்.

2. கீரை, பயறு, கேழ்வரகு என்று நார்ச்சத்தைக் குடலுக்குக் கொடுப்போம். மோரும் பழைய சோறும் கேவலம் இல்லை. அவற்றிலும் நல்ல பாக்டீரியா உண்டு. ஆனால் அவை பக்கவாத மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3. குடலை மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்தக் கொதிப்பு. சர்க்கரை நோயும் பீடி, சிகரெட்டும் கூடவே வரும். வீட்டுப் பெரியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

4. வாய் கோணினால், ஒரு பக்கக் கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் உடனே 108க்கு போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். புறா ரத்தம் தேடி அலைந்தால் அந்த நேரம் திரும்பி வராது.

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான். ஆனாலும் நம்மோடு சேர்ந்து சாப்பிடுகின்றன. அவற்றைப் பகையாக நினைக்காமல் அறிந்து நடப்போம்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி