முதியோருக்குப் பொருந்துமா மெய்நிகர் கருவி?

புதுதில்லி: இளைஞர்களின் விளையாட்டுக் கருவியாகவே அறியப்பட்ட மெய்நிகர் தலைக்கவசம், இப்போது முதியோரையும் நாடி வருகிறது. வாரணாசியில் காசி விஸ்வநாதர் கோயில் ஆரத்திகளை மெய்நிகர் வடிவில் காட்டும் மையம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நெடிய வரிசையில் நிற்க இயலாதவரும் அமர்ந்தபடியே ஆரத்தியைக் காண முடிகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்த இந்தியர்கள் சுமார் 10.4 கோடி பேர். 2050-இல் இந்த எண்ணிக்கை சுமார் 34.7 கோடியாக உயரும் என ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டுள்ளது. ஆயினும் கருவியின் வடிவமைப்பு அவர்களைக் கருத்தில் கொண்டதாக இல்லை.

மெட்டா குவெஸ்ட் 3 தலைக்கவசத்தின் எடை 515 கிராம். அதன் பெரும்பகுதி முகத்தின் முன்புறமே அழுத்துவதால், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவருக்குச் சில நிமிடங்களே சோர்வூட்டும். தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்தவர் கவசத்தைப் பொருத்திக்கொள்வதே சிரமம். இரு கைகளிலும் பிடிக்கும் கட்டுப்படுத்தியின் சிறு பொத்தான்கள் நடுங்கும் விரல்களுக்கு வசப்படுவதில்லை. வெளியுலகம் கண்ணிலிருந்து மறைந்த நிலையில் எழுந்து நின்றால், தடுமாறி விழும் அபாயமும் உண்டு.

அமெரிக்காவில் 17 முதியோர் குடியிருப்புகளில் 65 முதல் 103 வயது வரையிலான 245 பேரிடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 80 சதவீதத்தினர் மனநிலை மேம்பட்டதாகக் கூறினர். தனிமையுணர்வு குறைந்ததாகச் சொன்னவர்கள் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இச்சேவையை விற்கும் நிறுவனமும் ஆய்வில் இணைந்திருந்ததால், இம்முடிவுகளைச் சற்று எச்சரிக்கையுடனே அணுக வேண்டும்.

இதில் இந்தியாவுக்கு முக்கியமான வேறொன்றும் உண்டு. அத்தகைய குடியிருப்புகளில் கவசத்தை மாட்டிவிடவும் அருகில் இருந்து கவனிக்கவும் பணியாளர் இருப்பார். காட்சியை அவரே டேப்லெட் வழியே தேர்ந்தெடுத்து இயக்கும் வசதியும் சில சேவைகளில் உள்ளது. இந்தியாவிலோ முதியோர் பெரும்பாலும் வீட்டிலேயே வாழ்கின்றனர். பிள்ளைகள் பணிக்குச் சென்றபின் உதவுவதற்கு எவருமில்லை. எனவே குரலால் இயங்குவதும், தாய்மொழியில் வழிகாட்டுவதும் இங்கு கூடுதல் வசதிகள் அல்ல. அவை இல்லையேல் கருவி அலமாரியில்தான் கிடக்கும்.

மின்னணுப் பொருள்கள், சேவைகளுக்கான அணுகல்தன்மைத் தரநிலையான ஐஎஸ் 17802, மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் 2023-இல் சேர்க்கப்பட்டது. மெய்நிகர் மையத்துக்கு ஒப்பந்தம் கோரும் கோயில் நிர்வாகமோ சுற்றுலாத் துறையோ பெரிய எழுத்து, வசன வரிகள், அமர்ந்தநிலைப் பயன்பாடு ஆகியவற்றை நிபந்தனையாக்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.