நூலகர் என்ன வாட்ச்மேனா?

போராட்ட வரலாறு பற்றி ப்ராஜெக்ட் கொடுத்தால் கோவை மாணவர் என்ன செய்கிறார்? கூகுளில் ஒரு தேடல், ஏ.ஐ.யிடம் ஒரு கேள்வி, காப்பி, பேஸ்ட், ஸ்பைரல் பைண்டிங். முடிந்தது கதை! வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் செலவைக்கூட ஒப்புக்கொள்ளாத பி.காம். மாணவர், நான்கு பேர் தூக்கிலிடப்பட்டதை மட்டும் ஒரு ஆதாரமும் பார்க்காமல் எழுதிவிடுகிறார்.

அந்த நால்வர் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள். 1946 ஜனவரி 8-ல் கோவை சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தொழிற்சங்கத்துக்கு அவர்கள் தியாகிகள். நீதிமன்றத்துக்குக் கொலைக் குற்றவாளிகள். 'தியாகி' என்று மட்டும் தேடுகிறவர் கண்ணில் வழக்கு படவே படாது!

1970 ஜூன் 19 பெருமாநல்லூரும் அப்படித்தான். மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். விவசாயிக்கு அது உரிமைப் போராட்டம். அரசுக்கு சட்டம் ஒழுங்குப் பிரச்சனை.

ஆக, எந்தப் பெயரில் தேடுவது? எந்தப் பத்திரிகையின் எந்த மாதம்? எதை உள்ளூரிலேயே பார்க்கலாம், எதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போக வேண்டும்? இதைச் சொல்லத்தான் நூலகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அப்படிப்பட்டவரை ஐ.டி. கார்டு பார்த்து, சீல் குத்தி, "சத்தம் போடாதீங்க" என்று அதட்டும் வாட்ச்மேன் ஆக்கி வைத்திருப்பது யார்? கேட்காத மாணவரும், கேட்கச் சொல்லாத கல்லூரியும்தான்.

"அவருக்கே ஒண்ணும் தெரியாதுங்க" என்பார்கள். சில இடங்களில் உண்மைதான். "புக்கு பேரென்ன?" என்பதோடு உதவி முடிந்துவிடும். ஆனால் "போராட்டம் பத்தி புக்கு இருக்குங்களா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? "1970 ஜூன் கடைசி வாரத்து நாளிதழ்களை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாதவரும் தேடத் தொடங்குவார்.

கூச்சமும் வேண்டாம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் போகிறது. இது சலுகை இல்லை, காசு கட்டி வாங்கிய உரிமை.

பெருமாநல்லூரில் நின்றவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அந்த வருடத்துப் பேப்பரும் தொட்டால் பொடிகிறது. கேட்பதென்றால் இப்போதே கேட்க வேண்டும்!